ஏடபிள்யூடி கார் எடுத்தால் பனிச்சங்கிலி வேண்டாமா?

"ஜூன் விடுமுறையில் அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நியூசிலாந்தில் குவீன்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட் போகிறோம். டிசம்பரில் முடிந்தால் ஜப்பானின் ஹொக்கைடோ. இரண்டு இடத்திலும் ஏடபிள்யூடி (நான்கு சக்கர இழுவை) எஸ்யூவி வாடகைக்கு எடுக்கப்போகிறோம். ஏடபிள்யூடி இருந்தால், பனியில் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலியெல்லாம் தேவையில்லை என்று ஆபீஸில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? விண்டர் டயர் இருந்தால் போதுமா? சங்கிலியை சிங்கப்பூரிலேயே வாங்கிக்கொண்டு போகலாமா?" கேட்கப்பட்ட கேள்விகள் இவைதான்.

ஆபீஸ் நண்பர் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் நிறையப் பேர் பனிச்சாலையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஏடபிள்யூடி உங்களை மலைமேல் ஏற்றிவிடும். இறக்கிவிடுவது டயரின் வேலை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் முதலில் இதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஏடபிள்யூடி என்ன செய்கிறது? எஞ்சினின் இழுவிசையை இரண்டு சக்கரத்துக்குப் பதில் நான்குக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. அவ்வளவுதான். பிரேக் விஷயத்தில் அது உங்களுக்கு எந்தச் சலுகையும் தருவதில்லை. ஏனென்றால் எந்த காராக இருந்தாலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. வளைவில் வண்டி வழுக்காமல் இருப்பதும் டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பைப் பொறுத்தது. எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதற்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை.

கணக்காகவே பார்க்கலாம். காய்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வு எண் ஏறக்குறைய 0.7. இறுகிய பனியில் 0.2, நல்ல விண்டர் டயர் என்றால் 0.3 வரை வரும். ஈரமான ஐஸில் 0.1, சில நேரம் அதற்கும் கீழே. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக்கை அழுத்தினால், காய்ந்த சாலையில் சுமார் 9 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் 30 மீட்டருக்கு மேல். ஐஸில் 60 மீட்டருக்கு மேல். இது சமதளத்தில், கால் பிரேக்கைத் தொட்ட பிறகு ஆகும் தூரம். கண் பார்த்து மூளை யோசிக்கும் ஒரு விநாடியில் போகும் 11 மீட்டரை இதில் சேர்க்கவில்லை.

இப்போது அதே 40 கிலோமீட்டர் வேகத்தில், அதே ஐஸில், 8 சதவீதச் சரிவில் இறங்குகிறீர்கள். 8 சதவீதம் என்றால் 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறக்கம், மலைச்சாலையில் சாதாரணம். நிற்க ஆகும் தூரம் 300 மீட்டரைத் தாண்டிவிடும். சரிவு 10 சதவீதம் ஆகிவிட்டால் கணக்கு முடிந்தது: பிரேக்கை மிதித்துக்கொண்டே கீழே போவீர்கள், வண்டி நிற்காது.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதே ஐஸில் முன்சக்கரம் மட்டும் இழுக்கும் கார், எடையில் 60 சதவீதம் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 6 சதவீத ஏற்றத்திலேயே சக்கரம் சுழன்று நின்றுவிடும். ஏடபிள்யூடி கார் 10 சதவீதம் வரை திக்கித் திணறி ஏறிவிடும். ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது. சாதாரண கார்க்காரர் அடிவாரத்திலேயே "முடியாது" என்று தெரிந்துகொண்டு திரும்பிவிடுகிறார். ஏடபிள்யூடிக்காரர் ஜம்மென்று மேலே போய்விடுகிறார். சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பது அவருக்கு முதன்முதலில் தெரிவது மறுபக்கம் இறங்கும்போது, முதல் வளைவில்.

சரி, டயருக்கு வருவோம். சிங்கப்பூரில் ஓடும் வண்டிகளில் மாட்டியிருப்பவை ஏறக்குறைய எல்லாமே கோடைக்கால டயர்கள். நமக்கு அதுதான் சரி. 32 டிகிரி வெயிலிலும் திடீர் மழையிலும் பிஐஇ விரைவுச்சாலையில் 90-இல் போக அதற்குத் தேவையான ரப்பர் கெட்டியானது. ஆனால் வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அந்த ரப்பர் விறைக்க ஆரம்பிக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்த தேங்காய் எண்ணெய் மாதிரி. பனியே விழாமல் சாலை வெறும் ஈரமாக இருந்தாலும் பிடிப்பு குறைந்துவிடும். விண்டர் டயரின் ரப்பர் கலவை வேறு. சிலிகா அதிகம், குளிரிலும் மெத்தென்று இருக்கும். பட்டைகளின் மேல் தலைமுடி கனத்தில் நூற்றுக்கணக்கான வெட்டுகள் இருக்கும். அவை ஒவ்வொன்றும் பனியைக் கவ்விப் பிடிக்கும் விளிம்புகள். ஜப்பானிய டயர்களில் இன்னொரு வேலையும் செய்திருப்பார்கள்: ரப்பருக்குள்ளேயே நுண்துளைகள் விட்டு, ஐஸ் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்ச வைப்பார்கள். 1988-இல் பிரிட்ஜ்ஸ்டோன் கொண்டுவந்த பிளிஸாக் இந்த வகையில் பேர்போனது.

அந்த நீர்ப்படலம்தான் உண்மையான வில்லன். நம் ஊர்க்காரர்கள் மைனஸ் 15 என்று கேட்டால் பயப்படுவார்கள், 0 டிகிரி என்றால் "அவ்வளவு குளிரில்லை" என்பார்கள். சாலையைப் பொறுத்தவரை தலைகீழ். மைனஸ் 15-இல் ஐஸ் காய்ந்து கரகரப்பாக இருக்கும், டயர் ஓரளவு பிடிக்கும். 0 டிகிரியை ஒட்டி ஐஸின் மேற்பரப்பு ஈரமாகிவிடும். வழுக்கல் உச்சத்தில் இருப்பது அப்போதுதான்.

டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் ஒரு பனித்துகள் சின்னம் இருந்தால், அந்த டயரைப் பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய பிறகுதான் அந்தச் சின்னத்தைப் போட்டிருக்கிறார்கள். வெறும் எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால், சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டை அமைப்பு என்று தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வது. சோதனை எதுவும் கட்டாயமில்லை. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து எம் பிளஸ் எஸ் மட்டும் இருக்கும் டயரை விண்டர் டயராக ஏற்பதில்லை. வாடகை எஸ்யூவிகளில் நிறைய இந்த வகை டயர்தான் இருக்கும், கவுன்டரில் இருப்பவர் "ஆல் சீசன்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார். அப்புறம் இன்னொன்று: மலைச் சின்னம்கூட பனியில் இழுக்கும் திறனுக்கான சோதனை, ஐஸுக்கானது அல்ல.

உங்களுடைய இரண்டு பயணமும் இந்த விஷயத்தில் எதிரெதிர் துருவங்கள். ஹொக்கைடோவில் டயர் முக்கியம், சங்கிலி பின்னால்தான் வரும். நியூசிலாந்தில் சங்கிலிதான் முக்கியம், ஏனென்றால் விண்டர் டயர் பெரும்பாலும் கிடைக்காது.

ஹொக்கைடோவில் குளிர்காலத்தில் வாடகை கார் எடுத்தால் ஸ்டட்லெஸ் எனப்படும் ஆணியில்லாத விண்டர் டயர் மாட்டித்தான் தருவார்கள், அதற்காக நீங்கள் தனியாகச் சண்டை போடத் தேவையில்லை. முன்பு ஜப்பானில் ஆணி பதித்த டயர்கள்தான் ஓடின. அந்த ஆணிகள் தார்ச்சாலையைச் சுரண்டி, ஊர் முழுக்கத் தூசு பறந்து மூச்சுக்கோளாறு வரை போனதால் 1990-இல் தனிச் சட்டமே போட்டு ஓரங்கட்டினார்கள். ஆணியில்லாமலே ஐஸில் பிடிக்கிற டயரில் ஜப்பான்காரர்கள் கெட்டிக்காரர்களாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் பார்க்க வேண்டியது டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது. விண்டர் டயரின் பள்ளங்களுக்குள் ஒரு சின்ன மேடை மாதிரி ரப்பர் கட்டி இருக்கும். டயர் பாதி தேய்ந்ததும் அந்த மேடை மேற்பரப்போடு சமமாக வந்துவிடும். அதற்குமேல் அது கோடையில் ஓட்டத் தகும், பனியில் ஓட்டத் தகாது. சாவி வாங்கும் இடத்திலேயே குனிந்து நான்கு டயரையும் விரலால் தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும்: 3823 என்றால் 2023-ஆம் ஆண்டு 38-ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம். ரொம்பப் பழைய ரப்பர் கல்லாகிவிடும். சந்தேகமாக இருந்தால் வேறு வண்டி கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

நல்ல ஸ்டட்லெஸ் டயரும் ஏடபிள்யூடியும் சேர்ந்தால் சப்போரோ, ஒத்தாரு, நிசெகோ, ஃபுரானோ சுற்றுவதற்கு வழக்கமான நாட்களில் போதும். அங்கே வாடகைக்கு எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் சங்கிலியைத் தொடுவதே இல்லை. ஆனால் சப்போரோவிலிருந்து தோயா ஏரிக்குப் போகும் வழியில் நக்காயாமா கணவாய், ஒபிஹிரோ பக்கம் போகும் வழியில் 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் நிஷ்ஷோ கணவாய், இதெல்லாம் காற்று கிளம்பினால் வேறு உலகம். பனி மேலிருந்து விழாது, பக்கவாட்டில் பறக்கும். சாலை ஓரத்தில் உயரக் கம்பங்களில் சிவப்பு வெள்ளை அம்புக்குறிகள் கீழ்நோக்கித் தொங்குவதைப் பார்ப்பீர்கள். சாலையின் விளிம்பு எங்கே என்று காட்டத்தான் அவை. முன்னால் இரண்டு அம்புக்குறிகூடத் தெரியவில்லை என்றால் ஓட்டுவதை நிறுத்த வேண்டிய நேரம். ஆனால் சாலை நடுவில் நிறுத்தாதீர்கள். பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். வழியோர ஓய்விடத்துக்குள் நுழைந்து காத்திருங்கள். டிசம்பரில் சப்போரோவில் மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அன்றன்றைய பயணத்தை 3 மணிக்குள் முடிக்கிற மாதிரி திட்டம் போட்டால் நல்லது.

சப்போரோ நகருக்குள் மோசமான இடம் சிக்னல்கள். நின்று நின்று கிளம்பும் கார்கள் பனியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கியிருக்கும். பச்சை விழுந்ததும் பாய்ந்து கிளம்பும் நம் பழக்கத்தை அங்கே மறந்துவிட வேண்டும்.

ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷு பக்கம் போனால் ஒரு விதி இருக்கிறது. 2018 டிசம்பரில் ஜப்பான் அரசு 13 மலைப் பகுதிகளைக் குறித்தது. நாகானோவுக்கும் நீகாட்டாவுக்கும் இடையிலான விரைவுச்சாலைத் துண்டு அதில் ஒன்று. மிகக் கடுமையான பனி எச்சரிக்கை வரும்போது அங்கே விண்டர் டயர் இருந்தாலும், ஏடபிள்யூடி இருந்தாலும், சங்கிலி மாட்டாமல் போகக் கூடாது. நிசெகோவுக்குப் பதில் ஹக்குபா, மியோகோ என்று திட்டம் மாறினால் இதை நினைவில் வையுங்கள்.

இனி நியூசிலாந்து. ஜூனில் குவீன்ஸ்டவுன் நகரத்துக்குள் பெரும்பாலும் பனியே இருக்காது, ஏரியோரம் பச்சைப்பசேலென்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஏமாறுகிறோம். வண்டியில் இருப்பது பெரும்பாலும் சாதாரண டயர். வாடகை நிறுவனங்கள் சங்கிலியைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுப்பார்கள். டெ அனாவிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போகும் 120 கிலோமீட்டர் சாலையில் மே முதல் நவம்பர் வரை, அறிவிப்புப் பலகை வைத்திருக்கும் நாட்களில், வண்டியில் சங்கிலி இருந்தே ஆக வேண்டும். ஏடபிள்யூடிக்கும் விலக்கில்லை. அந்தச் சாலை ஹோமர் சுரங்கப்பாதை வழியாகப் போகிறது; 1954-இல் திறந்தது, 1.2 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் பனிச்சரிவு விழும் பகுதி. "இங்கே நிறுத்தாதே" என்று பலகை இருக்கும். படம் எடுக்க என்று யாரும் நிறுத்திவிடாதீர்கள், அந்தப் பலகை போக்குவரத்துக்காக வைத்ததல்ல. சில நாட்களில் சாலையையே மூடிவிடுவார்கள். அதனால் மில்ஃபோர்ட் படகுப் பயணத்தைத் திரும்பி வரும் விமானத்துக்கு முந்தின நாளில் வைக்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், அப்பா அம்மாவோடு போகும் முதல் குளிர்காலப் பயணத்தில் மில்ஃபோர்டுக்கு மட்டும் பேருந்தில் போய்விடுவேன். டெ அனாவரை காரில் போய், அங்கே இரவு தங்கி, காலையில் பேருந்து ஏறலாம். அந்தச் சாலையின் அழகு சன்னலோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டியது. வண்டி ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கும் 50 மீட்டர் மட்டும்தான் தெரியும்.

குவீன்ஸ்டவுனிலிருந்து வானாகாவுக்குப் போக இரண்டு வழி. ஜிபிஎஸ் காட்டும் குறுக்குவழி கிரௌன் ரேஞ்ச் சாலை, 1,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறது, கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. குளிர்காலத்தில் காலை வேளையில் அதை விட்டுவிட்டு, குரோம்வெல் வழியாகச் சுற்றிப் போங்கள். கொஞ்ச நேரம்தான் கூடும். சில வாடகை ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட சாலைகளுக்குக் காப்புறுதி கிடையாது. ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குச் சாலை அந்தப் பட்டியலில் வழக்கமாக இருக்கும். பனிச்சறுக்கு மலைகளுக்கு ஏறும் சாலைகளும் சில ஒப்பந்தங்களில் சேர்ந்திருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்தப் பத்தியைப் படியுங்கள்.

அங்கே கண்ணுக்குத் தெரியாத எதிரி கறுப்பு ஐஸ்: தார்ச்சாலை மேல் மெல்லிய கண்ணாடிப் படலம், பார்த்தால் ஈரம் மாதிரிதான் தெரியும். நமக்குத் தோன்றாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. தென்கோளத்தில் குளிர்காலச் சூரியன் வடக்குப் பக்கம் தாழ்வாகப் போகிறது. அதனால் மலையின் தென்புறச் சாலைகளில் நாள் முழுக்க வெயிலே படாது. நண்பகலிலும் அங்கே ஐஸ் அப்படியே இருக்கும். வெயில் பட்டுக் காய்ந்த சாலையில் 80-இல் வந்து, ஒரு வளைவு திரும்பி, நிழலுக்குள் நுழையும்போதுதான் விபத்து நடக்கிறது. முன்னால் நிழல் தெரிந்தால் அதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், நிழலுக்குள் போன பிறகு பிரேக்கைத் தொடாதீர்கள். குவீன்ஸ்டவுனில் ஜூனில் விடிவது எட்டு மணிக்கு மேல். பத்து மணிக்கு முன்னால் மலைச்சாலைக்குக் கிளம்ப எந்த அவசரமும் இல்லை.

சங்கிலி மாட்டுவதைப் பற்றி இப்போது. ஏடபிள்யூடி காரில் எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். வாடகைக்கு வருவது வழக்கமாக ஒரு ஜோடி சங்கிலிதான். டொயோட்டா ராவ்4, மாஸ்டா சிஎக்ஸ்-5, சுபாரு ஃபாரஸ்டர் மாதிரி வண்டிகளில் முன்சக்கரத்தில். பிஎம்டபிள்யூ எக்ஸ்டிரைவ் வண்டிகளில் பின்சக்கரத்தில். ஊகித்து மாட்டாதீர்கள், வண்டியின் கையேட்டைப் பாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் பிரேக் குழாயும் சஸ்பென்ஷன் கம்பியும் விரல் அகல இடைவெளியில் இருக்கும். தவறான சக்கரத்தில் மாட்டினால் சங்கிலி அதை அறுத்துவிடும். பெரிய ரிம் போட்ட சில மாடல்களில் சங்கிலி மாட்டவே கூடாது என்று கையேட்டில் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியை மலைக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மாட்டும் முறை சங்கிலிக்குச் சங்கிலி கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான். சாலையோரம் இதற்கென்றே அகலமான இடம் விட்டிருப்பார்கள், அங்கே சமதளத்தில் நிறுத்துங்கள். பிள்ளைகள் வண்டிக்கு வெளியே சாலைப் பக்கம் இறங்கக் கூடாது. சங்கிலியைத் தரையில் விரித்து முறுக்கு இல்லாமல் சரிபார்க்கவும். டயருக்குப் பின்னால் வளையத்தை நுழைத்து, உட்பக்கக் கொக்கியை முதலில் மாட்ட வேண்டும். கை தெரியாமல் தடவித்தான் மாட்ட முடியும், கஷ்டமே இங்கேதான். பிறகு சங்கிலியை டயர் மேல் சமமாகப் பரப்பி, வெளிப்பக்கக் கொக்கியை மாட்டி, இழுவைச் சங்கிலியை இறுக்கி, மிச்சத்தை ஆடாமல் கட்டவும். கொக்கிகளின் கூர்முனை டயரைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். அப்புறம் 50, 100 மீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்தி, மறுபடி இறுக்கவும். இந்தக் கடைசி வேலையைச் சோம்பலில் விடுகிறவர்களின் சங்கிலிதான் கழன்று மட்கார்டைக் கிழிக்கும். டெபாசிட்டும் போய்விடும்.

சங்கிலியோடு மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். சங்கிலிப் பெட்டியில் அதைவிடக் குறைந்த வேகம் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. வெறும் தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிடுங்கள். கிளம்பும்போது சக்கரம் லேசாகச் சுழன்றால்தான் சங்கிலி கவ்வும். வண்டி அசைய மறுத்தால் சக்கரம் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கட்டுப்பாட்டைத் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள்.

முன்சக்கரத்தில் மட்டும் சங்கிலி இருக்கும்போது ஒரு புது ஆபத்து வருகிறது. முன்பக்கம் நன்றாகப் பிடிக்கும், பின்பக்கம் பழையபடி வழுக்கும். இறக்கத்து வளைவில் பிரேக்கை அழுத்தினால் வால் சுற்றி முன்னால் வரப் பார்க்கும். அதனால் வளைவுக்கு முன்பே நேர்கோட்டில் வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் உருண்டு போங்கள்.

துணியால் செய்த டயர் உறைகளும் கிடைக்கின்றன. மாட்டுவது சுலபம், கை அழுக்காகாது, இடைவெளி குறைந்த சக்கரங்களுக்கும் பொருந்தும். அவசரத்துக்கு நல்லது. காய்ந்த தாரில் ஓட்டினால் சீக்கிரம் கிழிந்துவிடும். சட்டப்படி சங்கிலிக்குச் சமமாக ஏற்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால் இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

ஆஸ்திரேலியாவை நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நியூ சவுத் வேல்ஸின் கொசியஸ்கோ தேசியப் பூங்காவில் ஜூன் நீள வார இறுதியிலிருந்து அக்டோபர் நீள வார இறுதி வரை இரண்டு சக்கர இழுவை வண்டிகள் சங்கிலி வைத்திருக்க வேண்டும்; ஏடபிள்யூடிக்கு விலக்கு உண்டு. விக்டோரியாவின் ஹோதம், ஃபால்ஸ் கிரீக் போன்ற இடங்களில் ஏடபிள்யூடி என்பதற்காக மட்டும் விட்டுவிட மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் மூன்று படிநிலைகள். இரண்டாவது படியில், நான்கிலும் பனி டயர் போட்ட ஏடபிள்யூடி சங்கிலி மாட்டாமல் போகலாம், ஆனால் கையில் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது படியில் எல்லோருக்கும் கட்டாயம். ஆபீஸ் நண்பர் இதில் முதல் பாதியை எங்கேயோ படித்திருக்கலாம்.

ஓட்டும் விதத்தில் உங்களுக்குக் கைகொடுக்கப் போவது மலேசியாவின் கெந்திங் மலையில் ஓட்டிய அனுபவம். கெந்திங்கிலிருந்து இறங்கும்போது சின்ன கியரில் போட்டு, எஞ்சினை வைத்தே வேகத்தைப் பிடித்து வருவோம் இல்லையா, பனியிலும் அதேதான், இன்னும் மெதுவாக. ஹைப்ரிட், மின்சாரக் காரில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வண்டியே பிரேக் பிடிக்கும். ஐஸில் அது திடீரென்று பிடித்தால் வழுக்கும், அதன் அளவைக் குறைத்து வையுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். பயந்து காலை எடுக்காதீர்கள், அழுத்தியபடியே இருங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஐஸில் நிற்க 16 மீட்டர் போதும், 40-இல் 60-க்கு மேல். பாதி வேகம், கால்வாசித் தூரம். டயர், சங்கிலி எல்லாவற்றையும்விட மலிவான பாதுகாப்பு இதுதான்.

சில்லறை விஷயங்கள். இரவில் நிறுத்தும்போது கியரை பி-யில் வைத்துவிட்டு, சமதளம் என்றால் ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் விடுங்கள். கம்பி உறைந்து ஒட்டிக்கொள்ளும். வைப்பர்களைத் தூக்கி நிறுத்துங்கள். பனியில் மாட்டிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தால், புகைக்குழாயைப் பனி மூடாமல் அடிக்கடி போய்த் தோண்டிவிட வேண்டும், இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்து தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். டீசல் வண்டி என்றால் மலையடிவாரத்து நிலையத்தில் நிரப்புங்கள். அங்கே விற்பது குளிரில் உறையாத டீசல். ஜப்பானுக்கு அனைத்துலக ஓட்டுநர் அனுமதி வேண்டும், இங்கே ஆட்டோமொபைல் சங்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். நியூசிலாந்துக்கு நம் ஆங்கில உரிமமே போதும்.

கடைசிக் கேள்வி, சங்கிலியை இங்கே வாங்குவதா? வேண்டாம். சங்கிலி டயர் அளவுக்கு ஏற்றது. 225/65 ஆர்17-க்கு வாங்கியது 235/55 ஆர்19-க்குப் பொருந்தாது. வாடகை நிறுவனம் "இந்த மாடல் அல்லது அதற்குச் சமமானது" என்றுதான் எழுதித் தருகிறது. அங்கே போன பிறகு என்ன டயர் வரும் என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. பெட்டி எடையும் வீண். அங்கேயே வாடகைக்கு எடுங்கள், டெ அனாவிலும் கிடைக்கும். பையைத் திறந்து, பெட்டியில் போட்டிருக்கும் அளவும் டயரில் இருக்கும் அளவும் ஒன்றுதானா என்று நீங்களே பாருங்கள். பிறகு கவுன்டர் ஆளை வெளியே கூப்பிட்டு, அந்த வண்டியிலேயே ஒரு தடவை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் அதை போனில் வீடியோ எடுக்கட்டும். இங்கிருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டியவை வேறு: ரப்பர் பூசிய தடித்த கையுறை ஒரு ஜோடி, நெற்றியில் மாட்டும் விளக்கு ஒன்று, மண்டியிட்டு உட்கார ஒரு பழைய ரப்பர் விரிப்பு. மூன்றும் முஸ்தஃபாவில் கிடைக்கும்.